‘அனைத்துலகத் தரநிலை’ என்றால் என்ன? அணுவுலைப் பாதுகாப்பு விதிகள் எழுதப்படும் விதமும் திருத்தப்படும் விதமும்

சிங்கப்பூர் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை இறக்குமதி செய்யும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு உற்பத்தி செய்கிறது. அப்போதிருந்த அணுவுலைத் தொழில்நுட்பங்கள் சிங்கப்பூருக்குப் பொருந்தா என்று 2012இல் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. பத்தாண்டு கழித்து, 2022இல் வெளியான எரிசக்தி 2050 குழுவின் அறிக்கை, 2050ஆம் ஆண்டுக்குள் மின்தேவையில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை அணுசக்தி நிறைவேற்றக்கூடிய ஒரு சூழலையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2024 ஜூலையில், அமைதிப் பயன்பாட்டுக்கான அணுசக்தி ஒத்துழைப்பு பற்றிய ‘123 உடன்பாடு’ அமெரிக்காவுடன் கையெழுத்தானது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் எதிர்கால எரிசக்தி நிதிக்கு மேலும் 5 பில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் இயங்கிவந்த அணுசக்தி ஆய்வு, பாதுகாப்புத் திட்டம் ஒரு தனிக் கழகமாக உயர்த்தப்பட்டது. அணுவுலை கட்டுவது குறித்து முடிவு எதுவும் இன்னும் எடுக்கப்படவில்லை.

இச்செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர் ‘அனைத்துலகப் பாதுகாப்புத் தரநிலைகள்’. அதைக் கேட்பவர் மனத்தில், உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டப் புத்தகமும், அதை மீறுவோரைத் தண்டிக்க ஓர் அதிகாரியும் இருப்பதாக ஒரு சித்திரம் எழுவது இயல்பு. புத்தகம் உண்மையிலேயே இருக்கிறது. ஒன்றல்ல, நூற்றுக்கும் மேல். தண்டிக்கும் அதிகாரிதான் இல்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல், தரநிலைகளை ‘மீளாய்வு செய்து வலுப்படுத்துவது’ பற்றிய செய்திகளைப் படிப்பதில் பயன் அதிகமில்லை.

முதலில் மூன்று சொற்கள்

தமிழில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது, இத்துறையில் மூன்று தனித்தனி வேலைகள்.

1. விபத்துப் பாதுகாப்பு: இயந்திரக் கோளாறு, மனிதத் தவறு, நிலநடுக்கம், வெள்ளம் ஆகியவற்றால் கதிர்வீச்சு வெளியேறாமல் தடுப்பது, வெளியேறினால் பாதிப்பைக் குறைப்பது.

2. காவல்: திருட்டு, நாசவேலை, பயங்கரவாதத் தாக்குதல் ஆகியவற்றிலிருந்து அணுப்பொருளைக் காப்பது.

3. சரிபார்ப்பு: அமைதிப் பயன்பாட்டுக்கென வைத்திருக்கும் யுரேனியமும் புளுட்டோனியமும் ஆயுதத்துக்குத் திருப்பிவிடப்படவில்லை என்பதைக் கணக்கெடுத்து உறுதிப்படுத்துவது.

ஈரான், வடகொரியா பற்றிய செய்திகளில் வரும் அனைத்துலக ஆய்வாளர்கள் மூன்றாவது வேலையைச் செய்பவர்கள். அதற்குச் சட்டவலிமை கொண்ட உடன்பாடுகள் உள்ளன. ஆய்வாளர்கள் முத்திரை வைக்கலாம், கேமரா பொருத்தலாம், கணக்கு பொருந்தாவிட்டால் விவகாரம் ஐநா பாதுகாப்பு மன்றம் வரை போகலாம். முதலாவது வேலைக்கு அத்தகைய அதிகாரம் யாருக்கும் கிடையாது. ஓர் உலையின் அவசரக் குளிரூட்டும் பம்பு சரியாக இயங்குகிறதா என்று, அந்த நாடு அழைக்காமல் உள்ளே சென்று பார்க்கும் உரிமை எந்த அனைத்துலக அமைப்புக்கும் இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் இவ்விஷயத்தில் மிகப் பரவலான குழப்பம். இக்கட்டுரை முதலாவதைப் பற்றியது.

விதிகளின் மூன்று அடுக்கு

வியன்னாவில் 1957இல் தொடங்கப்பட்ட அனைத்துலக அணுசக்தி அமைப்பின் சாசனமே, பாதுகாப்புத் தரநிலைகளை வகுக்கும் பொறுப்பை அதற்குத் தருகிறது. அவை மூன்று அடுக்குகளாக அமைந்தவை.

உச்சியில் இருப்பது அடிப்படைக் கோட்பாடுகள் என்னும் சிறு ஆவணம். இன்று நடைமுறையிலுள்ள வடிவம் 2006இல் வந்தது. பத்துக் கோட்பாடுகள் கொண்டது. பாதுகாப்புக்கான முதன்மைப் பொறுப்பு உலையை இயக்குபவருடையது என்பது முதல் கோட்பாடு. அரசாங்கம் சட்டம் இயற்றி, சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பை நிறுவ வேண்டும் என்பது இரண்டாவது.

அடுத்த அடுக்கு கட்டாயத் தேவைகள். இடத்தேர்வு, வடிவமைப்பு, இயக்கம், கழிவு, அவசரநிலை ஆயத்தம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆவணம் உண்டு. இவற்றின் வாக்கியங்கள் ‘செய்தாக வேண்டும்’ என்று முடியும். மூன்றாவது அடுக்கான வழிகாட்டிகளின் வாக்கியங்கள் ‘இவ்வாறு செய்வது தகும்’ என்ற தொனியில் முடியும். வினைமுற்றில் உள்ள இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வாக்கியம் எந்த அடுக்கில் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே நாடுகள் மாதக்கணக்கில் வாதிடுவதுண்டு.

திருத்தம் எப்படி நடக்கிறது? முதலில், எதற்காகத் திருத்தம், எந்தப் பகுதியில் என்று ஒரு முன்வரைவு எழுதப்படும். உலைப் பாதுகாப்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கழிவு, போக்குவரத்து, அவசரநிலை ஆயத்தம் என்று ஐந்து நிபுணர் குழுக்கள் உள்ளன. உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் அவற்றில் அமர்கிறார்கள். உரிய குழு ஏற்ற பிறகு வரைவு எழுதப்பட்டு, உறுப்பு நாடுகளின் கருத்துக்காக 120 நாள் அனுப்பப்படும். வரும் ஒவ்வொரு கருத்துக்கும் ‘ஏற்கப்பட்டது’ அல்லது ‘ஏற்கப்படவில்லை, காரணம் இது’ என்று பதில் எழுதியாக வேண்டும். பிறகு குழுவுக்கும் அதன்மேல் உள்ள தரநிலை ஆணையத்துக்கும் சென்று, மேலிரண்டு அடுக்கு ஆவணங்களானால் ஆளுநர் மன்றத்தின் ஒப்புதலும் பெற வேண்டும். பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை இது. அந்தத் தாமதத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் சொந்த உலை இல்லாத ஒரு சிறிய நாடு, பெரிய உற்பத்தியாளர் நாட்டின் வாக்கியத்தை எதிர்த்து எழுத்தில் கேள்வி கேட்கவும் எழுத்தில் பதில் பெறவும் வாய்ப்புத் தரும் கட்டம் அந்த 120 நாள்தான்.

அறிவியல் மாறும்போது விதி எப்படி மாறுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கதிர்வீச்சுடன் பணிபுரிவோரின் கண்வில்லைக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு) வரை அனுமதிக்கலாம் என்பது நெடுங்கால விதி. அதைவிடக் குறைந்த அளவிலேயே கண்புரை உண்டாகலாம் என்று ஆய்வுகள் காட்டியதால், 2011இல் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையம் வரம்பைக் குறைக்கப் பரிந்துரைத்தது. 2014இல் வெளியான அடிப்படைத் தரநிலை அதை ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று நிர்ணயித்தது. இத்திருத்தம் அதிகம் தொட்டது அணுமின் நிலைய ஊழியர்களை அன்று. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி இதயக் குழாய்க்குள் கம்பியைச் செலுத்தும் மருத்துவர்களை. அணுமின் நிலையமே இல்லாத நாட்டுக்கும் இத்தரநிலைகள் அன்றாட விஷயம் என்பதை இது காட்டுகிறது.

கட்டுப்படுத்துமா, கட்டுப்படுத்தாதா?

தரநிலைகள் தாமாக எந்த நாட்டையும் கட்டுப்படுத்துவதில்லை. ஒரு நாடு தன் சட்டத்தில் அவற்றை ஏற்றுக்கொண்டால் மட்டுமே அங்கு அவை சட்டமாகும். அனைத்துலக அணுசக்தி அமைப்பு தன் சொந்தப் பணிகளிலும், தன் உதவியுடன் நடக்கும் திட்டங்களிலும் மட்டும் அவற்றை வலியுறுத்த முடியும்.

செர்னோபில் விபத்து 1986 ஏப்ரல் 26 அன்று நிகழ்ந்தபோது இந்நிலையின் விளைவு வெளிப்பட்டது. வெளியுலகுக்கு விபத்து தெரியவந்தது, சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர்களின் காலணியில் கதிரியக்கம் அளவுமானியில் பட்டதால். சோவியத் அரசாங்கம் அறிவித்ததால் அன்று. சில மாதங்களிலேயே இரண்டு உடன்படிக்கைகள் உருவாயின: விபத்தை உடனே அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று, உதவி செய்வது பற்றியது மற்றொன்று. உலையின் பாதுகாப்பையே பேசும் அணுப் பாதுகாப்பு உடன்படிக்கை வருவதற்கு மேலும் எட்டாண்டு ஆயிற்று. 1994இல் ஏற்கப்பட்டு 1996 அக்டோபரில் அது நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரும் இந்தியாவும் அதில் உறுப்பு நாடுகள். ஈரான் அதில் சேராமலேயே 2011 முதல் புஷேர் உலையை இயக்கி வந்திருக்கிறது.

இந்த உடன்படிக்கை ‘ஊக்குவிக்கும்’ வகையைச் சேர்ந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் தன் நிலவரத்தைத் தானே அறிக்கையாக எழுதி வைக்கும். மற்ற நாடுகள் அதைப் படித்துக் கேள்வி கேட்கும். வியன்னாவில் கூடி விவாதிக்கும். விவாதம் இரகசியமானது. குறை கண்டால் அபராதம் இல்லை. சக நாடுகளின் முன்னிலையில் தலைகுனிய நேரும் என்ற கூச்சம் ஒன்றே தண்டனை. கூச்சம் பலருக்கு வேலை செய்கிறது. கூச்சப்படாதவர்களுக்கு என்ன செய்வது என்பதற்கு உடன்படிக்கையில் விடை இல்லை.

ஒரு தீர்ப்பில் தரநிலை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு, ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்ட நீரைக் கடலில் விடுவது. அது 2023 ஆகஸ்ட் 24இல் தொடங்கியது. அதற்கு முந்திய மாதம் வெளியான அனைத்துலக அணுசக்தி அமைப்பின் அறிக்கை, அத்திட்டம் தரநிலைகளுடன் இசைவானது என்றது. வெளியேறும் நீரில், கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் அளவு லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் (கதிரியக்கத்தின் அலகு) கீழே இருக்க வேண்டும் என்பது ஜப்பான் வைத்த வரம்பு. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டி அளவு 10,000 பெக்கரல். அறிவியல் நோக்கில் அந்தத் தீர்ப்பு வலுவானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் ‘இசைவானது’ என்பதற்கு ‘இதைத்தான் செய்திருக்க வேண்டும்’ என்று பொருளில்லை. வேறு வழிகளை விட்டு இதைத் தேர்ந்தது ஜப்பான் அரசாங்கத்தின் முடிவு என்று அந்த அறிக்கையே பிரித்துக் காட்டுகிறது. மீன் வாங்கலாமா என்று கேட்ட பலருக்கு இந்த வேறுபாடு எடுத்துச் சொல்லப்படவில்லை.

மூன்று வெள்ளங்கள்

ஃபுக்குஷிமாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விபத்து நேர்ந்த 2011 மார்ச் 11இல் தொடங்குவார்கள். தரநிலைகளின் வரலாறு அதற்குப் பதினோர் ஆண்டு முன்பே, பிரான்சில் தொடங்குகிறது.

1999 டிசம்பர் 27 இரவு புயலும் அலையும் சேர்ந்து, ஜிரோண்ட் கழிமுகத்தில் உள்ள பிளாயே அணுமின் நிலையத்தின் கரையைத் தாண்டின. நிலத்தடி அறைகளில் நீர் புகுந்து சில பாதுகாப்புப் பம்புகள் செயலிழந்தன. கசிவு இல்லை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தனித்தனியாக இருக்க வேண்டிய மாற்று ஏற்பாடுகளை ஒரே வெள்ளம் ஒரே நேரத்தில் முடக்கக்கூடும் என்பது தெரிந்தது. பிரான்ஸ் தன் எல்லா நிலையங்களின் வெள்ளக் கணக்கையும் மறுபடி போட்டது.

இரண்டாவது, நம்மில் பலருக்கு ஊரும் நாளும் நன்கு தெரிந்தது. 2004 டிசம்பர் 26 காலை, கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலை இயங்கிக்கொண்டிருந்தது; முதலாவது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆழிப்பேரலை கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. பம்புகள் நின்றன. இயக்குநர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். சில நாளில் அது மறுபடி இயங்கியது. அருகில் ஈனுலைக்காக (புதிய எரிபொருளையும் உண்டாக்கும் உலை) தோண்டியிருந்த பெரும்பள்ளம் நீரால் நிரம்பியது. உலைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் செய்தி அதோடு முடிந்தது. குடியிருப்புப் பகுதியில் மாண்டவர்களின் துயரமே அன்று பெரிதாக இருந்தது, அது நியாயமும்கூட. துறையினருக்கோ இது வேறொரு செய்தி: கடலோர உலையைச் சுனாமி தாக்கும் என்பது இனி ஏட்டுக் கணக்கன்று. 2005இல் கல்பாக்கத்திலேயே வெள்ள அபாயம் குறித்து அனைத்துலகப் பயிலரங்கு நடைபெற்றது.

அந்தப் பாடம் ஜப்பானையும் எட்டியது என்பதுதான் இக்கதையின் கசப்பான பகுதி. 2006இல் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு ஓர் ஆய்வுக்குழு அமைத்தது. ஃபுக்குஷிமா ஐந்தாம் உலைக்கு 14 மீட்டர் உயரத்தில் அலை வந்தால் மின்சாரம் முற்றிலும் போய்விடக்கூடும் என்பது அங்கே பேசப்பட்டது. 2008இல் நிலையத்தை நடத்திய நிறுவனமே போட்ட சோதனைக் கணக்கில் 15.7 மீட்டர் என்று விடை வந்தது. வடிவமைப்பில் வைத்திருந்த அளவோ, தொடக்கத்தில் 3.1 மீட்டர், 2002இல் திருத்திய பிறகு 5.7 மீட்டர். புதிய கணக்கை உறுதிப்படுத்த மேலும் ஆய்வு தேவை என்று விஷயம் தள்ளிப்போடப்பட்டது. 2011இல் வந்த அலை, நான்கு உலைகள் நின்ற 10 மீட்டர் உயரத் தளத்தின்மேல் ஏறியது. டீசல் மின்னாக்கிகளும் மின் இணைப்புப் பலகைகளும் பெரும்பாலும் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் இருந்தன. ஆறு உலைகளுக்குமாக இருந்தவற்றில், சற்றே உயரமான இடத்தில் தனிக் கட்டடத்தில் காற்றால் குளிரூட்டப்பட்ட ஒரே ஒரு மின்னாக்கி மட்டும் தொடர்ந்து இயங்கியது. அது ஐந்தாம், ஆறாம் உலைகளுக்கு மின்சாரம் தந்தது. அவ்விரண்டும் உருகவில்லை. ஒன்று, இரண்டு, மூன்றாம் உலைகள் உருகின. 150,000க்கும் அதிகமானோர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது.

இதில் எந்தத் தரநிலை இல்லாமல் போயிற்று? வெளி அபாயங்களைப் புதிய தகவல்களின் அடிப்படையில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்ற விதி அப்போதே இருந்தது. ஒழுங்குமுறை அமைப்பு சுயேச்சையாக இருக்க வேண்டும் என்பதும் இருந்தது. ஆனால் ஜப்பானில் அந்த அமைப்பு, அணுசக்தியை வளர்க்கும் பொறுப்புடைய பொருளியல், வணிக, தொழில் அமைச்சின் கீழேயே இருந்தது. வினாத்தாள் எழுதியவரும் விடை எழுதியவரும் திருத்தியவரும் ஒரே வீட்டார். 2012இல் ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த சுயேச்சை விசாரணை ஆணையம் இதை இயற்கைப் பேரிடர் என்று ஏற்காமல், மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றது.

ஆகவே, விதிகளின் எழுத்து அவ்வளவு மோசமில்லை. எழுத்துக்கும் அதைச் செய்து முடிப்பதற்கும் இடையில்தான் விபத்து புகுகிறது. வலுப்படுத்தும் முயற்சிகளை அளக்கச் சரியான கோல், புதிய பக்கங்கள் எத்தனை சேர்ந்தன என்பதன்று. புதிய தகவல் கிடைத்த நாளுக்கும், அதன்படி சுவர் உயர்த்தப்பட்ட நாளுக்கும் இடையே எத்தனை ஆண்டு என்பதே.

2011க்குப் பிறகு

2011 செப்டம்பரில் அனைத்துலக அணுசக்தி அமைப்பின் உறுப்பு நாடுகள் ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. ஐந்து முக்கியக் கட்டாயத் தேவை ஆவணங்கள் மீளாய்வு செய்யப்பட்டு, 2016இல் திருத்திய வடிவில் வெளிவந்தன. மாற்றங்களில் பொருட்படுத்தத் தக்கவை இவை.

1. வடிவமைப்பில் கருதிய எல்லைக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளையும், உலை உருகுவது உட்பட, வடிவமைப்பின் பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும். ‘அது நடக்காது’ என்று ஒதுக்கிவைக்க முடியாது.

2. ஒரே இடத்தில் பல உலைகள் இருந்தால், அனைத்தும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும் நிலைக்கும் ஆயத்தம் வேண்டும்.

3. பெருமளவு கசிவுக்கு வழிவகுக்கும் நிகழ்வுகள் நடைமுறையில் நேரவே வாய்ப்பில்லாத அளவுக்கு வடிவமைப்பு அமைய வேண்டும்.

4. வெளியிலிருந்து கொண்டுவரும் நடமாடும் மின்னாக்கிகளையும் பம்புகளையும் இணைக்க முன்கூட்டியே வழி வைத்திருக்க வேண்டும். ஃபுக்குஷிமாவில் மின்னாக்கி வண்டிகள் வந்து சேர்ந்தும் அவற்றை இணைக்கப் படாத பாடு பட்டதை எண்ணினால், நான்கிலும் மிகச் சாதாரணமான இந்த விதி அதிக உயிர்களைக் காக்கக்கூடும்.

ஜப்பானும் 2012 செப்டம்பரில் சுயேச்சையான புதிய ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்து, 2013 ஜூலையில் புதிய விதிகளை நடப்புக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உலைகள் அனைத்தையும் தாங்குதிறன் சோதனைக்கு உட்படுத்தியது.

இவற்றையெல்லாம் சட்டமாக்கும் முயற்சியை சுவிட்சர்லாந்து எடுத்தது. புதிய உலைகளை நீண்டகால மாசு ஏற்படாதபடி வடிவமைக்க வேண்டும், பழைய உலைகளையும் அதே அளவுகோலை நோக்கி மேம்படுத்த வேண்டும் என்று அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 18ஆம் பிரிவைத் திருத்த அது முன்மொழிந்தது. இடறியது ‘பழைய உலைகள்’ என்ற இரண்டு சொல்லில். நாற்பதாண்டு ஓடிய உலையைப் புதியதற்கு இணையாக மாற்றும் செலவை ஏற்கப் பெரிய அணுசக்தி நாடுகள் சில தயாராக இல்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் திருத்தத்தை எதிர்த்தன. முடிவில், 2015 பிப்ரவரி 9இல் திருத்தத்துக்குப் பதிலாக ‘வியன்னாப் பிரகடனம்’ ஒருமனதாக ஏற்கப்பட்டது. நோக்கம் ஏறத்தாழ அதேதான். சட்ட வலிமை இல்லை. பழைய உலைகளில் ‘நியாயமாகச் செய்யக்கூடிய’ மேம்பாடுகளை உரிய காலத்தில் செய்ய வேண்டும் என்கிறது அது. எது நியாயம் என்பதை உலையை வைத்திருக்கும் நாடே தீர்மானிக்கும்.

போர் வேறொரு துளையைக் காட்டியது. 2022 மார்ச்சில் உக்ரேனின் ஸாப்போரிஷியா நிலையத்தை ரஷ்யப் படைகள் கைப்பற்றின. ஆறு உலைகள் கொண்ட ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையம் அது. வெளியிலிருந்து வரும் மின்சாரம், உதிரிப்பாகம், அச்சுறுத்தலின்றிப் பணிபுரியும் ஊழியர், ஒழுங்குமுறை அமைப்புடன் தொலைத்தொடர்பு ஆகியவை இருக்கும் என்று தரநிலைகள் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தன. அனைத்துலக அணுசக்தி அமைப்பின் தலைமை இயக்குநர் ரஃபேல் குரோஸி இவற்றை ஏழு தூண்களாகத் தொகுத்து அறிவித்தார். புதிதாக எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்ததை உரக்கச் சொன்னார். வெளிமின்சாரம் அங்கே பலமுறை முற்றிலும் அறுபட்டு, டீசல் மின்னாக்கிகளே உலைகளைக் காத்தன.

‘நிலத்தில் அமைந்த’ என்னும் சொல்

சிங்கப்பூருக்கு மிக நெருக்கமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 2ஆம் பிரிவு, ‘அணு நிலையம்’ என்றால் நிலத்தில் அமைந்த, இராணுவம் சாராத அணுமின் நிலையம் என்று வரையறுக்கிறது. 1994இல் அது போதுமானதாக இருந்தது.

இன்று ரஷ்யாவின் வடகிழக்குக் கரையில் பெவெக் துறைமுகத்தில், தலா 35 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகளைச் சுமந்த ‘அகாடெமிக் லோமனோசொவ்’ என்னும் மிதவை 2020 முதல் வணிக முறையில் மின்சாரம் தருகிறது. அது நிலத்தில் இல்லை. அணுசக்தியால் ஓடும் சரக்குக் கப்பல்களைப் பற்றிய பேச்சும் மீண்டும் எழுந்துள்ளது. அவையும் நிலத்தில் இல்லை. கப்பல்களுக்கென அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 1981இல் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. அது அழுத்த நீருலை பொருத்திய கப்பல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உருகிய உப்பைக் கொண்டு குளிரூட்டும் உலைகளை இன்று சிலர் முன்மொழிகிறார்கள். அத்தொகுப்புக்கு அவை அந்நியமானவை.

சிங்கப்பூர் நீரிணையின் குறுகலான பாதையில் நாள்தோறும் செல்லும் கப்பல்களின் வரிசையை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்று பார்த்த எவருக்கும், ஒரு சொல்லின் வரையறை இங்கே ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு நாட்டில் கட்டி, மற்றொரு நாட்டில் எரிபொருள் நிரப்பி, மூன்றாம் நாட்டின் கொடியுடன், நான்காம் நாட்டின் கரையோரமாக இழுத்துச் செல்லப்படும் மிதவை உலைக்கு எந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு பொறுப்பு? இன்றுள்ள ஏற்பாட்டில் இதற்குத் தெளிவான ஒற்றை விடை இல்லை.

தொழிற்சாலையில் பகுதிகளாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் ‘சிறிய மட்டு உலைகள்’ நிலத்தில் அமைந்தாலும் சிக்கல் உண்டு. தரநிலைகள் பெரும்பாலும், பெரிய, நீரால் குளிரூட்டப்படும் உலைகளின் அனுபவத்திலிருந்து எழுந்தவை. அவை புதிய வகைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று அனைத்துலக அணுசக்தி அமைப்பு ஆராய்ந்து 2023இல் அறிக்கை வெளியிட்டது. பெரும்பகுதி பொருந்தும், சில இடங்களில் இடைவெளி உள்ளது என்பது அதன் சாரம். 2022இல் தொடங்கிய ஒத்திசைவு முயற்சி, வெவ்வேறு நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகள் ஒரே வடிவமைப்பைத் தனித்தனியே முதலிலிருந்து ஆராயாமல், ஒருவர் செய்த ஆய்வை மற்றவர் பயன்படுத்த வழி தேடுகிறது. வேலை மிச்சமாகும் என்பது உண்மை. முதலில் ஆராய்ந்தவர் கவனிக்கத் தவறியது எல்லா நாடுகளுக்கும் நகல் எடுக்கப்படும் அபாயமும் அதில் உண்டு.

தொலைவு என்னும் கணக்கு

பெரிய உலைகளைச் சுற்றி உடனடி நடவடிக்கை வளையம் 3 முதல் 5 கிலோமீட்டர், அவசர நடவடிக்கைக்குத் திட்டமிட வேண்டிய வளையம் 15 முதல் 30 கிலோமீட்டர் என்பது அனைத்துலக அமைப்பின் பரிந்துரை. ஃபுக்குஷிமாவில் 20 கிலோமீட்டர் வரை காலி செய்யப்பட்டது. பிறகு காற்றின் போக்கால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தாத்தே கிராமமும் வெளியேற வேண்டியிருந்தது. சிங்கப்பூர் மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர், வடக்கிலிருந்து தெற்காக 27 கிலோமீட்டர். துவாசின் கோடியில் காம்பசை ஊன்றி 30 கிலோமீட்டர் வட்டம் வரைந்தால் அது ஜூரோங்கையும் புக்கிட் பாத்தோக்கையும் தாண்டித் தீவின் நடுப்பகுதிவரை வரும். தெற்குத் தீவு ஒன்றில் ஊன்றினால் நகர மையமே உள்ளே விழும்.

சிறிய உலைகளை முன்வைப்போர், அவற்றில் உள்ள கதிரியக்கப் பொருள் குறைவு என்பதால் வளையத்தை ஆலையின் வேலியோடு நிறுத்தலாம் என்கிறார்கள். உலையின் தன்மைக்கு ஏற்ப வளையத்தைக் கணக்கிட அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதி இடம் தருகிறது. இக்கணக்கு தனித்தனி வடிவமைப்பைப் பொறுத்தது. காகிதத்தில் சரியாக இருக்கலாம். இயங்கி நாள்பட்ட சிறிய மட்டு உலைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே என்பதால், சிங்கப்பூர் போன்ற நாட்டில் இதுவே மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட வேண்டிய எண்.

சிங்கப்பூர் சொந்தமாகக் கட்டாவிட்டாலும் கேள்வி தீராது. பிலிப்பீன்சின் பத்தான் நிலையம் கட்டி முடித்தும் ஒருநாளும் இயங்கவில்லை, வியட்னாம் 2016இல் கைவிட்ட நின் துவான் திட்டத்தை 2024 இறுதியில் மீண்டும் எடுத்தது, இந்தோனீசியாவும் திட்டமிடுகிறது. உடன்படிக்கை, அண்டைநாடு என்ற நிலையை மறக்கவில்லை. அதன் 16ஆம் பிரிவு, சொந்த நிலையம் இல்லாவிட்டாலும், பக்கத்திலுள்ள நிலையத்தின் விபத்தால் பாதிக்கப்படக்கூடிய நாடு தன் அவசரத் திட்டத்தை வகுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு அதைவிடச் சுவையானது. புதிய நிலையத்துக்கு இடம் தேரும் நாடு, பாதிக்கப்படக்கூடிய அண்டைநாடுகளைக் கலந்தாலோசிக்க வேண்டும். அந்நாடுகள் தம் மண்ணில் ஏற்படக்கூடிய பாதிப்பைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளத் தேவையான தகவலையும் தர வேண்டும். இங்கே ஒரு நிபந்தனை உண்டு: கேட்டால் தர வேண்டும்.

எதைக் கேட்பது என்று தெரிந்தவருக்குத்தான் அந்தப் பிரிவு பயன்படும். நிலநடுக்கக் கணக்கில் எந்த ஆண்டுத் தரவு பயன்பட்டது, மின்னாக்கி எந்த மாடியில் இருக்கிறது, கழிவுநீர்க் குழாய் எந்த நீரோட்டத்தில் திறக்கிறது, பருவக்காற்று மாறும் மாதங்களில் கதிரியக்கப் படலம் எத்தனை மணி நேரத்தில் நம் கரையை அடையும் என்று கேட்க, அந்த விடைகளைச் சரிபார்க்கத் தெரிந்த ஆட்கள் முன்னதாகவே இருக்க வேண்டும். சொந்த உலை இல்லாத ஒரு நாடு அணுசக்திப் பாதுகாப்புக்கென ஓர் ஆய்வுக் கழகத்தை வளர்ப்பதை, உலை கட்டுவதற்கான முதற்படி என்று மட்டும் படிப்பவர்கள் இந்த 17ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.